ரிப்பேர் திரையும் வராத கணினிக்கு எந்த வழி?

மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் எங்கள் டிடிபி கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி, கும்பாபிஷேக நோட்டீஸ் இவைதான் வேலை. ஆவணியில் முகூர்த்தங்கள் நெருங்கிக் கிடந்த ஒரு வாரம், மதியம் மின்சாரம் ஒரு விநாடி போய் வந்தது. யுபிஎஸ் பேட்டரி பலமிழந்திருந்ததால் தாங்கவில்லை. மறுபடி ஆன் செய்தேன். விண்டோஸ் சின்னம் வந்தது, கீழே புள்ளிகள் சுழன்றன, பழுதுபார்க்கத் தயாராகிறது என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி வந்தது. பிறகு திரை கறுத்துவிட்டது. அணைத்துப் போட்டேன்; அதே சின்னம், அதே வரி, அதே கறுப்பு. பழுதுபார்க்கும் நீலத் திரை கடைசிவரை வரவில்லை.

வாடிப்பட்டியிலிருந்து வந்திருந்த பெண்ணின் தந்தை, புரூப் பார்ப்பதற்காக எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பத்திரிகை அச்சுக்குப் போக ஒரு நாள்தான் இருந்தது.

மாலைக்குள் யோசனைகள் வந்து குவிந்தன. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், புதிதாக ஓஎஸ், அதாவது விண்டோஸை, போட்டுவிட்டால் அரை மணி நேரத்தில் சரியாகிவிடும் என்றார். பவர் பட்டனை மூன்று முறை அழுத்தி அழுத்தி அணைத்தால் தானாக ரிப்பேர் மோடுக்குப் போகும் என்றார் இன்னொருவர். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டச் சொன்னவர் உண்டு. பழைய பெட்டியைப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொன்னவரும் உண்டு. இவற்றில் எதுவுமே தவறான யோசனை இல்லை. ஆனால் எதை முதலில் செய்கிறோம் என்பதில்தான் கணினிக்குள் இருப்பது பிழைப்பதும் அழிவதும் இருக்கிறது.

ஒத்தக்கடையில் இருக்கும் என் அக்கா மகன் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை பார்க்கிறான். போனில் அவன் என்ன பழுது என்று கேட்கவில்லை. "மாமா, உள்ளே இருப்பதற்கு வேறு எங்காவது நகல் இருக்கிறதா?" என்றுதான் கேட்டான். மூன்று ஆண்டுக்கு முன் இரண்டு டிவிடியில் எழுதிவைத்தது மட்டும்தான் என்றேன். "அப்படியானால் நான் வரும்வரை அந்தப் பெட்டியை ஆன் செய்யாதீர்கள்" என்றான்.

ரிப்பேர் மோடு ஏன் வருவதில்லை என்று தெரிந்தால்தான் வழிகளை எடைபோட முடியும். நாம் ரிப்பேர் மோடு என்று சொல்வது இன்னொரு சிறிய விண்டோஸ். அதே டிஸ்க்கில் பெரும்பாலும் சில நூறு எம்பி அளவுள்ள தனிப் பகுதி ஒன்றில், ஒரே கோப்பாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பெரிய விண்டோஸ் அடுத்தடுத்து இரண்டு முறை எழ முடியாமல் விழுந்தால், மூன்றாவது முறை, கணினியை எழுப்பும் பூட் மேனேஜர் என்ற சிறு நிரல் இந்தக் கோப்பை எடுத்து, ராம் என்னும் தற்காலிக நினைவகத்தில் விரித்து ஓட்டும். வீட்டின் மாற்றுச் சாவியை அதே வீட்டு அலமாரிக்குள் வைத்திருப்பது போன்ற ஏற்பாடு இது. அந்தக் கோப்பு இருக்கும் இடத்தில் டிஸ்க் கெட்டிருந்தால் வராது. அது எங்கே இருக்கிறது என்று சொல்லும் பூட் பட்டியல் சிதைந்திருந்தாலும் வராது. டிஸ்க்கே கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் கேட்கவே வேண்டாம்.

எஃப்8 விசையைத் தட்டிக்கொண்டே இருப்பது விண்டோஸ் 7 காலத்துப் பழக்கம். விண்டோஸ் 8 முதல் அந்த விசை இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. சில வேளை ரிப்பேர் திரை வந்தும் பயன்படாமல் போகும். 2025 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 அப்டேட் ஒன்றுக்குப் பிறகு, ரிப்பேர் திரைக்குள் மட்டும் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யாமல் போயின. திரை வந்து நிற்கும்; எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. சில நாட்களில், அக்டோபர் 20 அன்று, திருத்தம் வந்தது. உருண்டைப் பின் உள்ள பழைய பிஎஸ்2 கீபோர்டு வைத்திருந்தவர்களால் அந்த இடைவெளியிலும் சமாளிக்க முடிந்தது.

எந்த வழியில் போவதானாலும் அதற்கு முன் பத்து நிமிட வேலை ஒன்று உண்டு. பிரிண்டர், கார்டு ரீடர், பென்டிரைவ் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, கீபோர்டையும் மானிட்டரையும் மட்டும் விட்டு ஆன் செய்து பார்க்க வேண்டும். எங்கள் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும், ஃபேனில் காகிதத் தூசியும் பஞ்சும் விரல் தடிமனுக்குப் படிந்திருந்தது தெரிந்தது. என் அக்கா மகனான மருமகன் ராம் அட்டையை எடுத்து, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்தான். வெள்ளை ரப்பர் கறுத்தது. ஊதித் துடைத்து, இரு பக்கமும் கிளிக் என்று பூட்டும்வரை அழுத்தி மாட்டினான். மதர்போர்டில் ரூபாய் நாணயம்போல் கிடக்கும் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றினான். விலை 100 ரூபாய்க்குள்தான். அது தீர்ந்துபோனால், விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸ் தன் அமைப்புகளை மறந்துவிடும். டிஸ்க்கை அணுகும் முறை மாறிப்போய், நன்றாக இருக்கும் விண்டோஸ்கூட எழாது. பயாஸில் தேதி பல ஆண்டு பின்னோக்கிப் போயிருந்தால் இந்தப் பேட்டரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பயாஸுக்குள் போய் டிஸ்க்கின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இதில் தலையாயது. பெயர் இல்லை என்றால் கேபிளை மாற்றிப் பார்க்கலாம். அப்போதும் இல்லை என்றால் எந்த மென்பொருளும் உதவாது. ஓஎஸ் போடும் பேச்சுக்கே இடமில்லை. எங்கள் டிஸ்க்கின் பெயர் இருந்தது.

இனி வழிகள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து மீண்டும் மீண்டும் அணைப்பது செலவில்லாதது, கருவி வேண்டாதது. சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி டிஸ்க் உள்ள மடிக்கணினியில் இரண்டு மூன்று முறை செய்து பார்ப்பதில் பெரிய குற்றமில்லை. சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கில் நான் இதை விரும்பமாட்டேன். நோய்ப்பட்ட டிஸ்க்குக்கு ஒவ்வொரு தொடக்கமும் ஒரு மலையேற்றம். டக் டக் என்று சத்தம் கேட்டால் அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும். மடிக்கணினி நிறுவனங்கள் தந்திருக்கும் மீட்பு விசைகளிலும் கவனம் வேண்டும். ஏசரில் ஆல்ட் எஃப்10, எச்பியில் எஃப்11 போன்றவை பல மாடல்களில் கணினியை வாங்கிய நாளின் நிலைக்குக் கொண்டுபோகும் வழிகளையும் முன்னே வைக்கும். படிக்காமல் ஓகே சொல்லிக்கொண்டே போனால் எல்லாம் துடைத்துப்போகும்.

உண்மையான போட்டி இரண்டு பென்டிரைவ்களுக்கு இடையில்தான். ஒன்று விண்டோஸ் நிறுவும் பென்டிரைவ், இன்னொன்று விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் என்ற ஓஎஸ் உள்ள பென்டிரைவ். இரண்டையும் நன்றாக ஓடும் வேறொரு கணினியில் தயாரிக்க வேண்டும். 8 ஜிபி பென்டிரைவ் போதும். இரண்டுமே நோய்ப்பட்ட டிஸ்க்கை நம்பாமல் வெளியிலிருந்து எழுபவை. மாற்றுச் சாவி வெளியிலிருந்து வருகிறது என்பதால்தான், ரிப்பேர் மோடு வராத கணினியிலும் இவை வேலை செய்கின்றன. எதிலிருந்து எழுவது என்று கேட்கும் பூட் மெனு வருவதற்கு டெல், ஏசரில் எஃப்12, எச்பியில் எஃப்9. மற்றவற்றில் ஆன் செய்ததும் திரை ஓரத்தில் எழுதியிருக்கும்.

விண்டோஸ் பென்டிரைவை வைத்து எழுப்பினால் நிறுவும் திரை வரும். அதில் நிறுவு என்பதைத் தொடாமல், பழுதுபார் என்று சிறிதாக இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிஸ்க்கிலிருந்து வராமல்போன அதே ரிப்பேர் பட்டியல் இங்கே பெரும்பாலும் கிடைக்கும்: தொடக்கப் பழுதுநீக்கம், முந்தைய நிலைக்கு மீட்டல், கடைசி அப்டேட்டை நீக்கல், கட்டளைத் திரை. பூட் பட்டியல் மட்டும் சிதைந்திருந்தால், பிசிடிபூட் என்ற கட்டளை ஒரு நிமிடத்தில் அதைப் புதிதாக எழுதிக் கொடுத்துவிடும். பழுது சிறியது, டிஸ்க் ஆரோக்கியமாக இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் இதைவிட விரைவான வழி இல்லை.

ஆனால் இந்த வழியில் செய்யும் பழுதுபார்ப்பு வேலைகள் பெரும்பாலும் டிஸ்க்கில் எழுதும் வேலைகள். தொடக்கப் பழுதுநீக்கம் எழுதும். டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் செக்டிஸ்க் கட்டளையும் எழுதும். நல்ல டிஸ்க்கில் அது மருந்து. செக்டர்கள் என்னும் சிறு சேமிப்புக் கட்டங்கள் உதிர்ந்துகொண்டிருக்கும் டிஸ்க்கில், செக்டிஸ்க் மணிக்கணக்கில் ஓடி இருக்கிற உயிரையும் உறிஞ்சிவிடும். படிக்க முடியாத இடங்களைச் சரிசெய்கிறேன் என்று கோப்புகளைத் துண்டு துண்டாக வெட்டிப்போடவும் கூடும். டிஸ்க் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே மருந்து கொடுப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

லினக்ஸ் பென்டிரைவ் வேறு வகை. உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ, நிறுவாமல் முயன்று பார் என்பதைத் தேர்ந்தெடுத்தால் முழுக் கணினியும் பென்டிரைவிலிருந்தும் ராமிலிருந்துமே ஓடும். நம் டிஸ்க் ஓரத்தில் ஒரு சின்னமாகத் தெரியும். திறந்தால், விண்டோஸ் சரியாக அணைக்கப்படாத டிஸ்க் என்பதால் பல வேளை படிக்க மட்டும்தான் அனுமதிக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் வெளி டிஸ்க்குக்கு இழுத்துவிடலாம். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் விவரத்தையும் அங்கேயே பார்க்கலாம். எங்கள் டிஸ்க்கில், படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள் என்ற வரிக்கு எதிரே பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் வேறு எண் இருந்தது. ரிப்பேர் கோப்பும் அப்படிப்பட்ட இடத்தில் சிக்கியதால்தான் புள்ளிகள் சுழன்று சுழன்று நின்றிருக்க வேண்டும். ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னபடி அதே டிஸ்க்கில் ஓஎஸ் போட்டிருந்தால், போட்ட மாதத்திலேயே மறுபடி விழுந்திருக்கும்.

அதனால் என் தீர்ப்பு இது: நகல் இல்லாத கணினியில், டிஸ்க்கில் எழுதாத வழிக்கே முதல் இடம். லினக்ஸ் முதலில், விண்டோஸ் பென்டிரைவ் பிறகு. விண்டோஸைப் பழுதுபார்ப்பதில் லினக்ஸ் பெரிதாக உதவாது. அந்தக் குறை மீட்பு முடிந்த பிறகுதான் கணக்கில் வரும். தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன், லினக்ஸின் இந்திய வடிவமான பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. இடத்தை அடைக்கிறது என்று அதை அழித்தவர்கள் ஏராளம். விண்டோஸ் மட்டும் விழுந்த நாளில் கோப்புகளை எடுக்க அது ஒரு பக்கவாசலாக இருந்திருக்கும்.

லினக்ஸ் பழக்கமே இல்லாதவர்களுக்கு விண்டோஸ் பென்டிரைவிலேயே எழுதாத வழி ஒன்று உண்டு. கட்டளைத் திரையில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் நோட்பேட் திறக்கும். ஃபைல் மெனுவில் ஓப்பன் கொடுத்து, எல்லா வகைக் கோப்புகளையும் காட்டச் சொன்னால், அந்தச் சிறிய சாளரமே ஃபோல்டர் பார்க்கும் திரையாகிவிடும். வலது கிளிக்கில் காப்பி, வெளி டிஸ்க்கில் பேஸ்ட். அங்கே சி டிரைவ் வேறு எழுத்தில் தெரியலாம், பதற வேண்டாம். நூறு இருநூறு கோப்புகளுக்கு இது போதும். ஆயிரக்கணக்கில் இருந்தால் பொறுமை தீர்ந்துவிடும்.

டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி அடாப்டரில் மாட்டுவது, இன்னொரு கணினி கைவசம் இருப்பவர்களுக்கு எளிது. மடிக்கணினியின் 2.5 அங்குல டிஸ்க்குக்குச் சில நூறு ரூபாய் அடாப்டர் போதும். சிபியு பெட்டியின் 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி பவர் இணைப்பு உள்ள அடாப்டர் வேண்டும். சில மலிவு மடிக்கணினிகளில் சேமிப்புச் சில்லு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். கழற்ற எதுவும் இருக்காது. விண்டோஸ் கணினியில் இப்படி மாட்டும்போது, சரிசெய்யட்டுமா, ஃபார்மட் செய்யட்டுமா என்று அது கேட்டால் வேண்டாம் என்றே சொல்ல வேண்டும்.

ஃபார்மட் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. டவுன்ஹால் ரோடு பக்கம் எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் அதுதான் விரைவான வேலை; கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, எழாத கணினியை எழவைக்கத்தானே கொடுக்கிறோம். பழைய ஹார்டு டிஸ்க்கில் மேலோட்டமாக ஃபார்மட் செய்தால் தேடி எடுக்க வாய்ப்பு மிஞ்சும். எஸ்எஸ்டியில் ஃபார்மட் செய்யும்போது, இந்த இடமெல்லாம் காலி என்று டிஸ்க்குக்குச் சொல்லப்படும். அது உள்ளுக்குள் துடைத்தும் விடும். பிறகு எந்த நிபுணராலும் பெரும்பாலும் எடுக்க முடியாது. ஆகவே ரசீதிலேயே 'டேட்டா வேண்டும், ஃபார்மட் கூடாது' என்று எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். டக் டக் சத்தம் போடும் டிஸ்க்கை அங்கேயும் கொடுக்காமல், தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு நிறுவனத்துக்கு நேரே அனுப்ப வேண்டும். செலவு கூடுதல்தான், உள்ளே இருப்பதன் மதிப்பை வைத்து முடிவெடுக்க வேண்டும்.

எங்கள் தொழிலில் கோப்பை எடுத்தாலும் பாதி வேலைதான் முடியும். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். அதில் நாங்கள் அடித்துவைத்திருக்கும் பத்திரிகைகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கின்றன. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துருக்கள் அவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், மணமகள் பெயர் இருக்கும் இடத்தில் ஆங்கிலக் குறிகள் சிதறிக் கிடக்கும். எழுத்துருக்களை ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து நகலெடுக்கலாம். ஆனால் அந்த எழுத்துருக்களில் தட்டச்சு செய்ய உதவும் கீபோர்டு மென்பொருளின் சிடி எங்களிடம் இல்லை. சுத்தமாக ஓஎஸ் போட்டால் என் விரல்களுக்கு 11 ஆண்டாகப் பழகிய தட்டச்சே போய்விடும். எனக்குக் கோப்புகளும் வேண்டும், கணினி இருந்த அமைப்பும் அப்படியே வேண்டும்.

அதனால் மருமகன் கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு எடுத்து முடித்தபின், முழு டிஸ்க்கையும் புதிய எஸ்எஸ்டிக்கு அப்படியே பிரதியெடுத்தான். லினக்ஸில் சேர்த்துக்கொள்ளும் டிடிரெஸ்க்யூ என்ற கருவி முதலில் எளிதாகப் படிக்க முடிகிற இடங்களை எல்லாம் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பிவரும். எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு என்பதை மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் பழைய டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும். அவன் அந்த வரியை வாய்விட்டு இரண்டு முறை படித்த பிறகுதான் என்டர் தட்டினான். எஸ்எஸ்டி வாங்கும்போதும் ஒன்று கவனிக்க வேண்டும்: 500 ஜிபி டிஸ்க்கை 480 ஜிபி எஸ்எஸ்டியில் இப்படிப் பிரதியெடுக்க முடியாது. 512 ஜிபி வாங்கினோம்.

இரவு முழுவதும் ஓடியது. காலையில் பழைய டிஸ்க்கைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, பிரதியின்மேல் விண்டோஸ் பென்டிரைவால் செக்டிஸ்க்கும், சிஸ்டம் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சியும் ஓட்டினான். தவறினால் மறுபடி பிரதியெடுக்கலாம் என்ற தைரியம் இருந்தது. பத்து மணிக்கு விண்டோஸ் எழுந்தது. பேஜ்மேக்கர் திறந்தது, வாடிப்பட்டி பத்திரிகை எழுத்து மாறாமல் வந்து நின்றது.

இதே பாதை எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் நண்பருக்கு அடுத்த மாதமே இதே சங்கடம் வந்தது. விடிவதற்கு முன்பே மல்லிகை மூட்டைகள் வந்து இறங்கிவிடும். கணக்கு ஒரு நாள் நின்றால் விவசாயிக்கும் வியாபாரிக்கும் பதில் சொல்ல முடியாது. ஆனால் அவர் இரவுதோறும் டேலி கணக்கைப் பென்டிரைவில் எடுத்துவைப்பவர். அவருக்கு மீட்பு வேலையெல்லாம் நேர விரயம். கணக்கு கையில் இருக்கிறதா, இன்னொரு கணினியில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, டிஸ்க்கை மாற்றிச் சுத்தமாக ஓஎஸ் போடச் சொன்னேன். மதியத்துக்குள் முடிந்தது.

திருப்பரங்குன்றத்தில் என் தங்கை மகளின் மடிக்கணினி விண்டோஸ் 11. அதில் லினக்ஸ் பென்டிரைவும் முதலில் பலிக்கவில்லை. டிஸ்க் தெரிந்தது, திறக்கவில்லை. டிஸ்க்கில் உள்ளதை மறைகுறியாக்கிக் காக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தது. புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து அமைக்கும்போதே இந்தப் பூட்டு தானாக விழுந்துவிடுகிறது. தனக்கு அப்படி ஒரு பூட்டு இருப்பதே அவளுக்குத் தெரியாது. "மாமா, புராஜெக்ட் முழுவதும் அதில்தான் இருக்கிறது" என்றாள், குரல் உடைந்துபோய். 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் லினக்ஸும் உதவாது, அடாப்டரும் உதவாது, எந்தக் கடையும் உதவாது. கணினியை அமைத்தபோது எந்த மின்னஞ்சலில் நுழைந்தாள் என்று கேட்டு, செல்போனில் அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தோம். கணினியின் பெயருக்கு எதிரே எண் இருந்தது. நான் ஆறு ஆறு இலக்கமாகப் படிக்க, அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். எட்டாவது தொகுதியை அடித்ததும் ஃபோல்டர்கள் திறந்தன.